மஞ்சள் சேலையில் வெள்ளை ஈ

அக்காவின் முதுகில் திருநீறு கொட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆடி மாதம், விடிந்து வெயில் ஏறாத நேரம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அவளுடைய தோட்டம். சாம்பல் பூசணிக் கொடிகளுக்கு நடுவே குனிந்து நின்றவளின் மஞ்சள் சேலையில், தோளிலிருந்து இடுப்புவரை வெள்ளை வெள்ளையாக என்னவோ அப்பியிருந்தது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பவள் ஆயிற்றே, பூசாரி போட்ட திருநீறு சிந்தியிருக்கும் என்று தட்டிவிடக் கையை வைத்தேன். அது பறந்தது.

அட சாமி! கையை உதறிக்கொண்டு பின்னால் தாவினேன். கொசுவைவிடச் சின்னதாக, மாவில் புரண்டு எழுந்த சிறகோடு, புகைபோல எழும்பி என் மூக்கு வாயெல்லாம் மோதிவிட்டு, திரும்பவும் போய் அவள் சேலையிலேயே உட்கார்ந்தன. என்மேல் ஒன்றுகூட உட்காரவில்லை. நான் ஊதாச் சேலை கட்டியிருந்தேன்.

"ஏனக்கா, உன்ற மேலெல்லாம் என்னமோ மொய்க்குது!"

"ஈ தான் புள்ள. செடியத் தொட்டா எந்திரிக்கும். அது கடிக்காது, உடு" என்றாள், நிமிராமலே.

எனக்கு ஆட்டையாம்பட்டியில் தறி. நூல் வராமல் தறி நின்றிருந்ததால், மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு ரொம்ப முன்னாலேயே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். சும்மா உட்கார்ந்து தின்றுவிட்டுப் போக எனக்குத் தெரியாது. வாயையும் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. அக்கா நேர் எதிர். அடித்தாலும் அழாமல் நிற்கிற ரகம்.

அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, லாரி ஓட்டியவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் ஒரு ஓட்டல் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அக்கா வெளுத்த சேலையாகப் பார்த்துப் பார்த்துக் கட்டினாள். நிறச் சேலை கட்டாதே என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் பார்க்கிற பார்வை போதாதா?

மாமாவுக்கு வருசத் திதி கொடுத்த அன்று, ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது, அக்காவின் கொழுந்தனார் பேச்சை எடுத்தார். பக்கத்துத் தோட்டம் அவருடையது.

"அண்ணி ஒண்டியா என்ன பாடுபட முடியுமுங்க? தோட்டத்தை நான் பாத்துக்கறேன். சோத்துக்குக் கொறையில்லாம குடுத்தர்றேன்."

கேட்பதற்கு நல்ல பேச்சுத்தான். ஆனால் ஒருமுறை அந்த மண் அவர் கைக்குப் போனால் திரும்பி வராது என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், அடுப்பங்கரை நிலைப்படியோரமாக நின்ற அக்கா மெல்லச் சொன்னாள்: "ஒரு வெள்ளாமை நானே வெச்சுப் பாக்கறனுங்க."

அவளுடைய பெரிய மாமனார்தான் அந்தக் குடும்பத்தில் மூத்தவர். அவர் யோசித்துவிட்டு முடிவு சொன்னார். அக்கா ஒரு வெள்ளாமை வைக்கட்டும். காய் நல்லபடியாக லாரி ஏறினால் தோட்டம் அவள் பொறுப்பிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். கொழுந்தனாரும் தலையாட்டினார். காய் ஏறாது என்ற தைரியம் அவருக்கு.

அக்கா சாம்பல் பூசணி போட்டாள். எங்கள் பக்கம் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ஆயுத பூஜை வந்தால் நாமக்கல்லில் லாரிப் பட்டறை, திருச்செங்கோட்டில் போர் போடுகிற ரிக் வண்டி, எங்கள் ஊர்த் தறிப்பட்டறை என்று ஒன்று விடாமல் பூசணிக்காய் உடைப்பார்கள். கொடி நன்றாகத்தான் ஓடியது. வெள்ளாமை நல்லபடியாக வரவேண்டும் என்று அவள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, பூச்சாட்டி நோம்பி தொடங்கியதும் காப்புக் கட்டினாள். மஞ்சள் சேலை நான் எடுத்துக்கொண்டு போனது. மாமா போனபிறகு அவள் உடம்பில் ஏறிய முதல் நிறம் அது. கோயிலில் ஒருத்தி "இவளுக்கெதுக்கு மஞ்சள்?" என்று முணுமுணுத்தாள். நான் திரும்பினேன், அக்கா என் கையைக் கிள்ளி நிறுத்திவிட்டாள். அன்றைக்கு அவள் கிள்ளாமல் இருந்திருந்தால் நோம்பி வேறு மாதிரி நடந்திருக்கும்.

காப்புக் கட்டிய கொஞ்ச நாளில், கொழுந்தனாரின் கத்தரித் தோட்டத்தை ஒட்டிய மேற்கு ஓரத்தில் சில கொடிகளுக்கு இலையில் தேமல் விழுந்தது. பச்சையும் மஞ்சளும் திட்டுத் திட்டாக. நுனி சுருண்டு குட்டையாகிவிட்டது. பூவும் பிஞ்சும் அப்படியே நின்றுவிட்டன. அக்கா அதைப் பார்த்துப் பயப்படவில்லை, கும்பிட்டாள்.

"அம்மா எறங்கியிருக்கறா, கண்ணு. நோம்பி நேரம் பாரு."

பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன செய்வோமோ, அதையேதான் செய்தாள். கொடியைச் சுற்றி வேப்பிலைக் கொத்துச் சொருகினாள். மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அம்மை போட்ட உடம்பைக் கீறக்கூடாது, வெட்டக்கூடாது இல்லையா, அதனால் ஒரு இலையைக்கூடக் கிள்ளவில்லை. தினமும் விடிந்ததும் நேரே அங்கேதான் போவாள். சீக்காளிப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தானே தாய் மற்ற வேலையைப் பார்ப்பாள்? அங்கே ஒவ்வொரு கொடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, வாய்க்கால் ஓரமாக நடந்து மோட்டார் ரூமுக்கு வந்து, அங்கிருந்து கிழக்கே நல்ல கொடிகளுக்குப் போவாள். அப்படி அவள் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் நான் அவள் முதுகைத் தட்டினேன்.

எனக்கு அந்த ஈ பிடிக்கவில்லை. தேமலும் பிடிக்கவில்லை. ஒரு இலையைக் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு, அக்காவிடம் சொல்லாமல் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். பூச்சிமருந்துக் கடைக்காரர் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதற்குப் போனாலும் நாலு பாட்டில் எடுத்து வைக்கிற ஆள் அவர். அன்றைக்குக் கையை விரித்துவிட்டார்.

"இதுக்கு மருந்தே இல்லீங்கம்மா."

"மருந்தே இல்லீங்களா? என்னங்க சொல்றீங்க?"

"இது வைரசுங்க. வந்த கொடி வந்ததுதான், பொழைக்காது. வெள்ளை ஈ அந்தக் கொடியில சாறு குடிச்சுப்போட்டு நல்ல கொடியில போய் உக்காருதுங்களே, அதுல ஒட்டிக்கும். ஈயைக் கொல்லலாம். ஆனா அது சாகறதுக்குள்ள நோயைக் குடுத்துட்டுப் போயிருமுங்க. மொதல்ல சீக்குக் கொடியப் புடுங்கோணும். அங்கயே சாக்குல போட்டு வாயக் கட்டிப்போட்டுத்தான் வெளிய எடுக்கோணும். அப்பறம் இதைக் கட்டுங்க."

இதை என்று அவர் கல்லாவுக்கு மேலே கையைக் காட்டினார். பசை தடவிய மஞ்சள் அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எதற்கு மஞ்சள் என்று கேட்டேன்.

"மஞ்சள்னா அதுக்கு உசுருங்க. எங்க மஞ்சளைக் கண்டாலும் ஓடி வந்து உக்காந்துக்கும்."

கடையில் இருந்த ஸ்டூலில் அவர் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டேன். தண்ணி வேணுங்களா என்று கேட்டார். அக்காவின் முதுகு கண்ணுக்குள்ளேயே நின்றது.

திரும்பி வந்ததும் நேரே தோட்டத்துக்குப் போய், மோட்டார் ரூம் மொட்டைமாடிமேல் ஏறி நின்று பார்த்தேன். கீழே நின்று பார்த்தால் கொடிக்குக் கொடி தனித்தனியாகத் தெரிந்த தேமல், மேலேயிருந்து பார்த்தபோது சேர்ந்து தெரிந்தது. மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய மஞ்சள் திட்டு. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக ஒரு கோடு. மோட்டார் ரூம் பக்கம் கொஞ்சம். அங்கிருந்து கிழக்கே, அவள் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற வேப்பமரம் வரைக்கும். என் அக்கா தினமும் நடந்த தடம் அது. காற்றிலும் ஈ போகும், அது எனக்கும் தெரிகிறது. ஆனாலும் காற்று இப்படி வாய்க்கால் ஓரமாகத் திரும்பித் திரும்பி நடக்குமா? விரலை நீட்டி அந்தத் தடத்தை முனையிலிருந்து முனைவரை இன்னொருமுறை பின்தொடர்ந்து பார்த்தேன்.

இறங்கி வந்தால், வரப்பில் கொழுந்தனாரின் மொபெட் நின்றது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"பாத்தீங்களாண்ணி? மஞ்சளைக் கட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் ரோசனை பண்ணியிருக்கோணும். அம்மனுக்கே பொறுக்கல பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "நோம்பியன்னைக்குப் பெரியப்பாவக் கூட்டியாரேன். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லட்டும்."

"ஏனுங்க, அம்மன் உங்ககிட்ட போன்ல பேசிச்சுங்களா?" என்றேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் என் பக்கமே திரும்பாமல் வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நான் என்ன செய்வது? நான் கண்டுபிடித்ததைச் சொன்னால் அந்த மனிதர் சொன்னதும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். உன் மஞ்சள் சேலையால்தான் வந்தது என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் விடிந்ததும் மறுபடி மேற்கே போய்விட்டுக் கிழக்கே வருவாள். ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்தோம். சாப்பிட்டு முடிப்பதற்குள் போட்டு உடைத்துவிட்டேன்.

அக்கா கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"அப்ப நாந்தானா?"

"அக்கா, நான் சொல்றதைக் கேளு…"

"நாந்தான் கொண்டாந்து உட்டனா? தெனம் தெனம்? அப்ப அவிய சொன்னது நெசந்தான். தாலியறுத்தவ மஞ்சளக் கட்டலாமா? எனக்கெதுக்கு இந்த ஆசை?" என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே போனாள். அழவில்லை. மாமா செத்த சேதி வந்த அன்றைக்கு இருந்த முகம். எனக்குப் பயமாகிவிட்டது. எத்தனை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துப் பார்த்தபடி சுவரோரமாகச் சுருண்டுகொண்டாள்.

விடிந்ததும் நான் பேச்சை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினேன். வீட்டில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குடம் இருந்தது. அதை எடுத்து வெளிப்புறமெல்லாம் விளக்கெண்ணெய் தடவினேன். அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வரப்பில் நிற்க வைத்துவிட்டு, மேற்கு ஓரத்துக் கொடிகளுக்கு நடுவில் குடத்தைக் கவிழ்த்து வைத்து, ஒரு குச்சியால் இலைகளைத் தட்டினேன். ஈ எழும்பியது. எழும்பினதெல்லாம் குடத்தில் போய் விழுந்தது. பார்க்கப் பார்க்க மஞ்சள் மறைந்து குடம் வெள்ளையாகிக்கொண்டே வந்தது. எனக்கே அருவருப்பாக இருந்தது. தூக்கிக்கொண்டு போய் அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தா, பாரு. நல்லாப் பாரு. இந்தக் கொடத்துக்கும் புருசன் செத்துப்போயிட்டானா?"

அக்கா என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள். உதடு கோணியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. பிறகு இரண்டும் சேர்ந்து வந்தது. வரப்பிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அடிப் பாவி, அடிப் பாவி" என்று என்னைத் திட்டித் திட்டி ஓய்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன்.

எழுந்தபோது அவள் வேறு ஆளாக இருந்தாள். வீட்டுக்குப் போய் மாமாவின் காக்கிச் சட்டையை எடுத்துச் சேலைக்குமேல் போட்டுக்கொண்டாள். இடுப்பில் அவருடைய கரு நீலக் கைலியைச் சுற்றினாள். நோம்பி முடியும்வரை காப்பை அவிழ்க்க முடியாது, மஞ்சளையும் மாற்ற முடியாது, மூடிக்கொள்ளலாம் இல்லையா? மேற்கு ஓரத்து முதல் கொடியின் முன்னால் நின்று, "தப்பா நெனைச்சுக்காத தாயே, புள்ளைகள்ல பாதியாவது பொழைக்கட்டும்" என்று வேப்பிலையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கொடியை வேரோடு பிடுங்கினாள். நான் சாக்கைப் பிடித்தேன். பனி காயாத நேரத்தில் ஈ எழும்பினாலும் தூரம் பறக்காது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு, அடுத்த விடியலில் மறுபடி தொடங்கினோம். பிஞ்சு விட்டிருந்த கொடிகளையும் பிடுங்கினாள். விரல் நீளப் பிஞ்சுகள், உடம்பெல்லாம் பூனைமுடி. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அவள் திருப்பவில்லை. சாக்குகளை வாயைக் கட்டி, தோட்டத்துக்கு வெளியே குழி வெட்டிப் புதைத்தோம்.

முடித்துவிட்டுப் பார்த்தால் கிட்டத்தட்டப் பாதித் தோட்டம் மொட்டை. இருந்த தேமலைவிட அந்த வெறும் மண் பயமாக இருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. மேற்கு வரப்பு நெடுக, நான் மறுபடி திருச்செங்கோடு போய் வாங்கி வந்த மஞ்சள் அட்டைகளைக் கட்டினாள், அட்டை தீர்ந்த இடத்தில் எண்ணெய் தடவிய குடங்களைக் குச்சியில் கவிழ்த்தாள். காலையில் பூவுக்குத் தேனீ வரும், அது இல்லாவிட்டால் காய் பிடிக்காது என்பதால், வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலக்கிப் பொழுது சாய்ந்தபின் இலைக்கு அடிப்புறமாக அடித்தாள். நடக்கிற வழியையும் மாற்றிவிட்டாள். முதலில் கிழக்கே நல்ல கொடிகள், கடைசியாகத்தான் மேற்கு ஓரம். அங்கிருந்து நேராக வீடு, குளியல். என்னையும் விரட்டினாள். ஒருநாள் மறந்துபோய் மேற்கேயிருந்து குறுக்கே வந்துவிட்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குத் தெரிந்து அக்கா யாரையும் அப்படித் திட்டியதில்லை.

நோம்பியன்று காலை, மாவிளக்கு எடுப்பதற்கு முன்னால் தோட்டத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனோம். சொன்னபடியே கொழுந்தனார் வந்தார். பெரிய மாமனாரை வண்டித் தடத்தில் நிற்க வைத்துவிட்டு, தான் மட்டும் குறுக்கு வழியாகத் தன் கத்தரித் தோட்டத்துக்குள் புகுந்து, செடிகளை விலக்கிக்கொண்டு வந்தார். அவரும் காப்புக் கட்டியிருந்தார். புது மஞ்சள் வேட்டி.

"பாருங்க பெரியப்பா, பாதித் தோட்டம் வெறும் காடாக் கெடக்குது. இதுக்குமேல என்னத்தப் பாக்கறது?" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே, எங்கள் வரப்பைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

"நில்லுங்க!"

யார் குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன். அக்கா. கொழுந்தனாரின் முகம் பார்த்து அதுவரை அவள் பேசினதே கிடையாது. அவர் தூக்கின காலைக் கீழே வைக்கவில்லை.

"அங்கயே நில்லுங்க தம்பி. உள்ள வராதீங்க. உங்க வேட்டியக் கொஞ்சம் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். முழங்காலிலிருந்து கரைவரை வேட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. திடுக்கிட்டுத் தட்டினார். புகையாக எழும்பி, அவர் முகத்தில் மோதி, திரும்ப வேட்டியிலேயே வந்து ஒட்டியது. மறுபடி தட்டினார், மறுபடி அதேதான். பெரிய மாமனார் தடத்திலிருந்து கிட்ட வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த வேட்டியையே பார்த்தார்.

"இதென்னடா கெரகம், உன்ற மேலயும் உக்காருது? அம்மனுக்கு உன்ற மஞ்சளும் பொறுக்கலயா?"

எனக்குச் சொல்லச் சொற்கள் வரிசையாக வந்து நின்றன. ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அக்கா பேசுவதைக் கேட்கத்தான் ஆசையாக இருந்தது.

"இது உங்க கத்தரிச் செடியில இருக்கற ஈங்க" என்றாள் அவள். "உங்களுக்கும் சொல்லியுடறேன், என்ன அடிக்கோணும்னு. தோட்டத்தைப் பத்திப் பேசறதுன்னா அங்கயே நின்னு பேசுங்க. உள்ள வர்றதுன்னா வேட்டிய மாத்திட்டு வாங்க."

அவர் பேசவும் இல்லை, மாற்றிக்கொண்டு வரவும் இல்லை. பெரிய மாமனார், "ஆயுத பூசை வரட்டும், சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டுத் தடத்தோடு நடந்தார்.

அதற்கப்புறமும் இரண்டொரு கொடியில் தேமல் தெரிந்தது. தெரிந்த அன்றே சாக்குக்குள் போயிற்று. மீதிக் கொடி பிழைத்துக்கொண்டது. புரட்டாசியில் காய்கள் வெள்ளைச் சாம்பல் பூசிக்கொண்டு, தூக்க இரண்டு கை போதாமல் கிடந்தன. நாங்கள் முதலில் கனவு கண்ட அளவு இல்லை. ஆனால் லாரிப் பட்டறைக்காரர்கள் அனுப்பிய வண்டி வந்து தடத்தில் நின்றது, காய் ஏறியது. அன்றைக்கு நானும் போயிருந்தேன். அக்கா மாம்பழ நிறச் சேலையின்மேல் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காம்பு உடையாமல் காயை அறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் பற்றாமல் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், வரப்புக்கு அந்தப்பக்கம் கொழுந்தனார் வந்து நின்றார். வெள்ளை வேட்டி. அப்படியே ஏறி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அண்ணி, உள்ள வரலாமுங்களா?"

நான் கையிலிருந்த காயைக் கீழே போட்டுவிடப் பார்த்தேன். மாமா இருந்த காலத்தில்கூட அந்த மனிதர் யாரையும் கேட்டுக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. அக்கா நிமிர்ந்து அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"வாங்க தம்பி. வந்து ஒரு கை புடிங்க."